ஊசியை விட்டு வராத சொட்டு

படகின் முன்கண்ணாடியில் விழுந்த மழை அங்கே தங்கவில்லை. விழுந்த வேகத்திலேயே உருண்டைகளாக உடைந்து, தரையில் கொட்டிய கடுகு மாதிரி நாலா பக்கமும் ஓடி, விளிம்பைத் தாண்டி மறைந்தது. சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருந்த அக்கா குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு, "ஏய் சொட்டு, பரவாயில்லடி," என்றாள். அக்காவின் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய விருது.

சொட்டு என்பது தங்கைக்கு அக்கா வைத்த பெயர். தங்கை ஒரு பூச்சு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கண்ணாடி, தகடு, துணி எதுவானாலும் அதன்மேல் தண்ணீர் ஒட்டாமல் செய்வது அந்தக் கூடத்தின் தொழில். நாள் முழுக்க ஊசிமுனையில் தண்ணீரைச் சொட்டவிட்டு, உருளுகிறதா ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவது என்று அக்கா கேட்டாள். இப்போது கூடத்திலும் அதே பெயர்தான்.

அக்கா ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகின் கேப்டன். விடியற்காலை முதல் நடை அவளுடையது. ஆலைக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள், மருத்துவமனையில் இரவு வேலை முடித்துத் திரும்பும் நர்ஸுகள், ரொட்டிக் கூடைகள் எல்லாம் அந்த நடையில் வரும். அந்த நடையை அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். அக்கா பல வருஷம் காத்திருந்து வாங்கியது.

படகின் கண்ணாடியில் தங்கை பூசியிருந்த பூச்சு வழவழப்பானது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் அது சொரசொரப்பானது. மாவைவிட மெல்லிய ஒரு பொடி. ஒவ்வொரு துகளுக்கும் தண்ணீரைப் பிடிக்காத மெழுகுத் தோல். அதைக் கண்ணாடியில் தெளித்து இறுகவிட்டால், நுண்ணோக்கியில் ஜல்லி கொட்டிய மைதானம் போலத் தெரியும். ஜல்லிமேல் ஒரு மெத்தையைப் போட்டுப் பாருங்கள். மெத்தை ஜல்லிகளின் உச்சியில் மட்டும் படும், இடுக்குகளுக்குள் இறங்காது. மழைத்துளியும் அப்படித்தான் மேடுகளின் நுனியில் உட்காரும். அதற்கு அடியில் இருப்பது பெரும்பாலும் காற்று. பிடித்துக்கொள்ள இடமில்லாததால் லேசான சாய்வுக்கே உருண்டுவிடும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வைப்பர் தேய்த்தால் அந்த மேடுகள் மழுங்கிப்போகும். தங்கை இதைச் சொன்னதும் அக்கா ஸ்பானரை எடுத்துவந்து வைப்பர் கையைத் தானே கழற்றிவிட்டாள். மழையே தங்காத கண்ணாடிக்கு அது எதற்கு என்றாள். தேவைப்படாது என்று தங்கையும் உறுதியாகச் சொன்னாள். படகுத்துறை அலுவலகத்தைக் கேட்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அக்காவின் படகுதான் துறையில் பேச்சு. அடுத்த படகின் கேப்டன், மீசை என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், வைப்பர் கிறீச்சிடக் கிறீச்சிட வந்து சேருவார். அக்கா அவரைப் பார்த்து, "என்ன மீசை, கண்ணாடி அழுதுட்டே வருது?" என்று கேட்பாள்.

மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கியது. முதல் மூடுபனி வந்த அன்று காலை, யூனிபார்மோடு அக்கா ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். தோளில் பனியின் ஈரம் காயவில்லை. தங்கையின் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தங்கைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நடு ஆற்றில் கண்ணாடி வெளுத்துவிட்டது. உள்பக்க ஆவி என்று நினைத்து அக்கா துணியால் துடைத்திருக்கிறாள். வெதுவெதுப்பான காற்று அடிக்கும் விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் உள்பக்கம் ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. வெள்ளை வெளிப்பக்கம். பழக்கத்தில் கை வைப்பர் சுவிட்சைப் போட்டது. சுவிட்ச் சத்தம் கேட்டது. அசைவதற்குத்தான் எதுவும் இல்லை. அவள் இன்ஜினைத் தணித்து, சங்கை ஊதி, பக்க ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டியபடியே படகைக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். துறையில் தொங்கும் டயர்களில் படகு கொஞ்சம் பலமாக இடித்தது. ஒரு நர்ஸின் காபி பக்கத்தில் இருந்தவர் சட்டையில் கொட்டியது. அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் படகுத்துறை ஆய்வாளர் அன்று அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"மழை வந்தா ஓடுது. பனி வந்தா குடித்தனம் பண்ணுது," என்றாள் அக்கா. "இதுதான் உன் பூச்சா?"

விடியற்காலை நடை இப்போது மீசைக்குப் போய்விட்டது. அக்கா மதிய நடை மட்டும் ஓட்டலாம். அடுத்த கனத்த பனி நாளில் ஆய்வாளர் தானே படகில் ஏறிப் பார்ப்பார். அப்போதும் கண்ணாடி மறைத்தால், பாதுகாப்புக் கருவியை யாரையும் கேட்காமல் கழற்றியதற்காக அக்கா சுக்கானைவிட்டு இறங்க வேண்டியதுதான்.

பூச்சைச் சுரண்டிவிட்டு வைப்பரைத் திரும்ப மாட்டிவிட்டால் போதாதா என்று தங்கை கேட்டாள்.

"மாட்டலாம். ஆனா ஏன் கழட்டினேன்னு கேப்பாருல்ல? ஒண்ணு எனக்கு அறிவில்லைன்னு சொல்லணும், இல்ல என் தங்கச்சி சொன்னான்னு சொல்லணும். ரெண்டையும் நான் சொல்றதா இல்ல."

"நீ எதையும் சொல்ல வேணாம்க்கா. கண்ணாடியே சொல்லும். எனக்கு அடுத்த பனி வரைக்கும் டைம் குடு."

அக்கா எழுந்தாள். "டைம் குடுக்கறது நான் இல்லடி. பனி."

அக்கா போனதும் தங்கை வழக்கமான சோதனையைத் தொடங்கினாள். பூச்சு பூசிய கண்ணாடித் துண்டை மேடையில் வைத்து, சிரிஞ்சின் ஊசியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். அது முத்தாக விழுந்து, சாய்வில் கடகடவென்று ஓடியது. இன்னொரு துண்டிலும் அதே கதை. எந்தத் துண்டும் குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இல்லை.

பனித்துளி சின்னது, அதனால் சின்னச் சொட்டாக விட்டுப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஊசிமுனையில் கடுகில் பாதிகூட இல்லாத சொட்டை உருவாக்கி, மெல்ல இறக்கிக் கண்ணாடியைத் தொடவைத்தாள். ஊசியைத் தூக்கினாள். சொட்டும் ஊசியோடு மேலே வந்துவிட்டது. மறுபடி வைத்தாள். மறுபடி வந்துவிட்டது.

இதில் அதிசயம் எதுவும் இல்லை; கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். தண்ணீருக்கு உலோக ஊசியைப் பிடிக்கும், பூச்சைப் பிடிக்காது. இடுப்பில் இருக்கும் குழந்தையைப் புது ஆளிடம் நீட்டினால், அது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளுமே, அப்படி. சொட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதன் எடையே அதை ஊசியிலிருந்து பிய்த்துக் கீழே தள்ளும். அதனால் கூடத்தில் சோதனைக்கு ஒரே அளவு: விழும் சொட்டு. சொட்டு விழாமல் அடம்பிடித்தால் அவர்களுக்குச் சந்தோஷம். பூச்சு அவ்வளவு பிரமாதம் என்று சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் தண்ணீரை அழுத்துவார்கள்.

ஊசியில் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பொடிச் சொட்டைத் தங்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் அதிவேகக் கேமராவைப் பார்த்துக்கொள்கிறவர் இருந்தார். கண் இமைப்பதற்குள் நடப்பதை அவர் நிமிஷக்கணக்கில் இழுத்துக் காட்டுவார். அதனால் அவருக்கு நிதானம் என்று பெயர்.

"நிதானம், நாம இதுவரைக்கும் பெரிய சொட்டுகிட்ட மட்டும்தான் கேள்வி கேட்டிருக்கோம்," என்றாள்.

"சின்னது இறங்கி வந்தாத்தானே கேக்கறதுக்கு?" என்றார் அவர்.

அதுதான் விஷயம். பூச்சு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவர்கள் பெரிய சொட்டால் சோதித்திருக்கிறார்கள். சின்னச் சொட்டு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்றால், அதைக் காணும் வாய்ப்பை நல்ல பூச்சே பறித்துக்கொண்டிருக்கிறது.

சின்னச் சொட்டை ஊசியால் வைக்க முடியாது. ஆனால் அதைக் கண்ணாடியிலேயே பிறக்கவைக்கலாம். தங்கை தேநீர் அறையிலிருந்து மின்சாரக் கெட்டிலைத் தூக்கிவந்தாள். கண்ணாடித் துண்டை ஐஸ் போலக் குளிர்ந்த உலோகக் கட்டியின்மேல் வைத்து, கெட்டிலின் ஆவி கலந்த ஈரக் காற்றைக் கண்ணாடியின் பக்கம் மெதுவாகத் திருப்பிவிட்டு, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தாள். தேநீருக்கு வந்தவர்கள் கெட்டிலைத் தேடிக்கொண்டு அங்கே வந்து, திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

பனி எப்படிக் கண்ணாடியைப் பிடித்தது என்று இப்போது தெரிந்தது. மழைத்துளி மேலிருந்து விழுகிறது, மெத்தை போல மேடுகளின் உச்சியில் உட்காருகிறது. பனித்துளியோ மேடுகளைவிடச் சின்னது. மெத்தை ஜல்லியின் இடுக்குக்குள் இறங்காது. எறும்போ இடுக்குக்குள் இறங்கிப் புகுந்துவிடும். குளிர்ந்த காற்றிலிருந்து நீர் அந்த இடுக்குகளுக்குள்ளேயே உருவாகி, இண்டு இடுக்கையெல்லாம் நிரப்பிக்கொண்டு, கீழே வேர் பிடித்த பிறகுதான் வெளியே தலையை நீட்டுகிறது. அடியில் காற்றே இல்லை. அந்த நிலையில் அது தண்ணீர் ஒட்டாத பூச்சு இல்லை. தண்ணீரைக் கட்டிப்பிடிக்கும் பூச்சு.

இன்னொன்றும் உண்டு. ஒரு துளியின் அகலத்தைப் பாதியாக்கினால், அது கண்ணாடியைப் பிடிக்கும் பிடி பாதியாகக் குறையும். ஆனால் அதன் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். இப்படிச் சின்னதாகிக்கொண்டே போனால், பிடி கொஞ்சமாவது மிஞ்சும். எடைதான் இல்லாமல் போய்விடும். செங்குத்தான சுவரிலும் பனித்துளி விழாமல் நிற்பது அதனால்தான். உருட்டிவிட எடை வேண்டும், எடையை நம்பிப் பனியிடம் போகவே முடியாது.

"அப்ப என்ன பண்றது?" என்றார் நிதானம்.

"இடுக்க இன்னும் சின்னதாக்கணும். எறும்பும் நுழையாத ஜல்லி."

அப்படிப்பட்ட பொடி அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஜாடியில் தயாராகவே இருந்தது. இதைவிடப் பல மடங்கு மெல்லியது. விழும் சொட்டு அதன்மேல் கொஞ்சம் சோம்பேறித்தனமாக உருண்டதால், அது தேறாதது என்று எப்போதோ ஒதுக்கிவைத்திருந்தார்கள். தங்கையே ஒதுக்கியதுதான். தூசி தட்டி, கலக்கி, புதுக் கண்ணாடித் துண்டில் தெளித்தாள். காய்ந்ததும் கெட்டிலைப் போட்டாள்.

இந்த முறை துளிகள் வேர் பிடிக்கவில்லை. குட்டிக் குட்டி உருண்டைகளாகவே நின்று வளர்ந்தன. வளர்ந்த இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டன. தொட்ட மாத்திரத்தில் இரண்டும் இல்லை. அங்கே காய்ந்த கண்ணாடிதான் இருந்தது. தங்கை கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இன்னொரு ஜோடி தொட்டது, அதுவும் காணாமல்போனது.

ஆவியாகியிருக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஆனால் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, சுற்றிலும் ஈரம். இங்கே எது ஆவியாகும்? நிதானம் கேமராவை நகர்த்தி, மேலேயிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் வைத்தார். படம் பிடித்து, மெதுவாக ஓட்டினார்.

இரண்டு உருண்டைகள் நெருங்கின. நடுவில் ஒரு பாலம் முளைத்தது. பாலம் தடித்து, இரண்டும் ஒரே உருண்டையாகத் திரண்டன. திரண்ட வேகத்தில் அதன் வயிறு கண்ணாடியை ஒரு அழுத்து அழுத்தியது. அடுத்த நொடி உருண்டை எம்பிக் குதித்துக் காற்றில் போய்விட்டது.

இதன் கணக்கு அழகானது. ஒவ்வொரு துளியும் இழுத்துக் கட்டிய ஒரு தோலுக்குள் இருக்கிறது. ஒரே அளவான இரண்டு துளிகள் சேர்ந்தால், தண்ணீர் அதேதான். ஆனால் ஒரு பெரிய உருண்டைக்கு வேண்டிய தோல், இரண்டு சின்ன உருண்டைகளின் தோலைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மிச்சமான தோலை இழுத்துக் கட்டியிருந்த விசை எங்கேயாவது போயாகவேண்டும். அதில் பெரும்பகுதி ஆட்டத்தில் வீணாகும். மிஞ்சுவது கண்ணாடியை உதைக்கும். எடையுள்ள பெரிய துளி அந்த உதைக்கு அசையாது. பொடித்துளிக்கு எடையே இல்லையே, எகிறிவிடும். படகைச் சிக்கலில் மாட்டிவிட்ட அந்தச் சின்ன உருவமே இங்கே துளிக்கு இறக்கை.

தங்கை அன்று மாலையே அக்காவை வரவழைத்துக் காட்டினாள். அக்கா திரையில் இரண்டு முறை பார்த்தாள்.

"இது என்னடி, தவளை மாதிரி?"

"கொசுவோட கண்ணு பனியில மங்காதுக்கா. அதுலயும் இப்படித்தான் பொடிப்பொடியா மேடு இருக்கு."

"அப்ப இனிமே நான் கொசுக் கண்ணு வழியாப் படகு ஓட்டணும்." அக்கா மறுபடி ஓட்டச் சொன்னாள். அவள் கேலி செய்தாலும் கண் திரையைவிட்டு நகரவில்லை. "சரி, குதிக்குது. எதிர்க்காத்து அடிக்கும். திரும்பக் கண்ணாடி மேலயே வந்து உக்காந்தா?"

நல்ல கேள்வி. அதைத் தங்கையும் நிதானமும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். திரும்பி வந்த துளி இன்னொன்றைத் தொடும், மறுபடி எகிறும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகும். கடைசியில் காற்றே அதை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

அக்கா யோசித்தாள். "பாதிக் கண்ணாடிக்கு உன் பூச்சு. பாதிக்கு என் வைப்பர்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உன்மேல இருக்கு. கண்ணாடி மேலதான் இல்ல. போன தடவ ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டேன்."

இந்த முறை அக்கா முதலில் ஆய்வாளரிடம் போனாள். எதைக் கழற்றினேன், எதை மாட்டப்போகிறேன் என்று எல்லாவற்றையும் சொல்லி அனுமதி கேட்டாள். அவர் ம் என்று ஒரு சத்தம் போட்டார். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு தங்கை பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தாள். இடது பாதியில் புதியதைத் தெளித்தாள். வலது பாதியில் வைப்பர் திரும்ப உட்கார்ந்தது. இரண்டுக்கும் நடுவில், கண்ணாடிக்கு நேர் பின்னால் சுக்கான் சக்கரம்.

கனத்த பனி வந்தது. துறையில் நின்றால் படகின் மூக்கு தெரியவில்லை. ஆய்வாளர் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு ஏறினார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். ஏறியதிலிருந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். தங்கை சுக்கான் அறையின் பின்பக்கச் சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுக்குப் பயம் இல்லை. கெட்டிலில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. ஆனால் கெட்டிலில் யாரும் வேலைக்குப் போவதில்லை. கதவின் கண்ணாடி வழியாக, பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்த பயணிகளின் தலைகள் தெரிந்தன.

துறையை விட்டதும் இரண்டு பாதிகளும் மங்கின. வலப்பக்கம் வைப்பர் ஒரு வீச்சு வீசியது. விசிறி வடிவத்தில் ஒரு தெளிவு வந்தது, அது மறுவீச்சுக்குள் மறுபடி வெளுத்தது. வீசிய இடத்திலும் கோடு கோடாக ஈரம். இடப்பக்கம் எதுவும் வீசவில்லை. ஆனால் மங்கல் மேற்கொண்டு ஏறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அங்கங்கே, காசளவு தெளிவுகள் தோன்றின. தெளிவுகள் சேர்ந்தன. மிச்சம் இருந்தது ஒரு மெல்லிய சல்லாத்துணி அளவு மங்கல்தான். அதன் வழியாக மிதவை விளக்கின் சிவப்பு தெரிந்தது, அதற்கு அப்பால் எதிர்க்கரைத் துறையின் விளக்கு வரிசையும் தெரிந்தது.

ஆய்வாளர் இடப்பக்கம் குனிந்து பார்த்தார், வலப்பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அக்காவின் கால்களைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் தங்கையும் கவனித்தாள். சக்கரத்துக்கு நேராக நிற்கவேண்டிய அக்கா, அரை அடி இடப்பக்கம் நகர்ந்து, வலது கையை நீட்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கேப்டன், ஏன் அந்தப் பக்கமாவே நிக்கறீங்க?" என்றார் ஆய்வாளர்.

அக்கா தன் காலைக் குனிந்து பார்த்தாள். நகர்ந்தது அவளுக்கே தெரியவில்லை.

"இங்கதான் சார் தெரியுது," என்றாள்.

அவர் தலையாட்டினார். இன்னும் சிறிது தூரம் போனதும், காலை நடையை நாளையிலிருந்து அவளே எடுத்துக்கொள்ளலாம் என்று, ஏதோ பேச்சுவாக்கில் சொல்வது போலச் சொன்னார். அந்தப் பக்கத்து வைப்பரையும் கழற்றிவிடலாமா என்றும் கேட்டார்.

"வேணாம் சார், அது இருக்கட்டும். இவ அடுத்து எத மறந்திருக்கான்னு இவளுக்கே தெரியாது."

ஆய்வாளர் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு ஈரமான மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தங்கையிடம் நீட்டி, இதற்கும் அந்தப் பொடி ஒத்துவருமா என்று கேட்டார்.

தங்கைக்கு அது காதில் விழவில்லை. அவள் முன்னால் வந்து இடது பாதிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டாத குறையாக நின்றிருந்தாள். துளிகள் எம்புவதை நேரில் பார்த்துவிட முடியுமா என்று தேடினாள். வெறுங்கண்ணுக்கு அது அகப்படாது. அவளுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் எங்கோ இரண்டு சேருகின்றன, ஒன்று குதிக்கிறது, அந்த இடம் காய்கிறது. அது நடந்துகொண்டே இருப்பதற்கு அடையாளமாக எதிர்க்கரை விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"ஏய் சொட்டு," என்றாள் அக்கா. "தலைய எடுடி. இப்ப நீதான் மறைக்கற."